பச்சை நிற ஜி.டி.ஓ.வும் இரண்டு எழுத்துகளும்

பாண்டியாக் என்ற அமெரிக்கக் கார் பிராண்டின் வி-8 இன்ஜினின் முன்பக்கத்தில், ஓட்டுநருக்கு எதிர்ப்புறம், சிலிண்டர் ஹெட்டுக்குச் சற்றுக் கீழே கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு சமதளம் இருக்கும். அது எந்த வகை இன்ஜின் என்று காட்டும் இரண்டு ஆங்கில எழுத்துகளை அதில் அச்சாகக் குத்தியிருப்பார்கள். எண்ணெய்ப் பிசுக்கும் பழைய பெயின்ட்டும் மூடிக் கிடப்பதால் சட்டென்று கண்ணில் படாது. நான் 2013-ல் ஒரு 1966 பாண்டியாக் ஜி.டி.ஓ. கார் வாங்கியபோது அந்த இடத்தைத் துடைத்துப் பார்க்கவில்லை. துடைத்துப் பார்த்திருந்தால் மூன்று வருட உழைப்பும் ஒரு பெரிய தொகையும் மிச்சமாகியிருக்கும். பழைய அமெரிக்கக் கார் வாங்கும் ஆசை உள்ளவர்களுக்கு இது பயன்படும் என்பதால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

நான் இருப்பது மிச்சிகனில், டெட்ராய்ட்டுக்கு வடக்கே. வேலைக்காக இங்கே வந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. வீட்டிலிருந்து கொஞ்ச தூரம் போனால் உட்வர்டு அவென்யூ. டெட்ராய்ட் நதிக்கரையில் தொடங்கி ஃபெர்ண்டேல், ராயல் ஓக், பர்மிங்ஹாம் வழியாகப் பாண்டியாக் நகரம் வரை போகும் சாலை அது. அறுபதுகளில் இளைஞர்கள் இரவு நேரத்தில் சிக்னலுக்குச் சிக்னல் கார்ப் பந்தயம் விட்டது இந்தச் சாலையில்தான். 1995 முதல் ஒவ்வோர் ஆகஸ்ட் மாதமும் மூன்றாவது சனிக்கிழமை பழைய கார்கள் எல்லாம் இங்கே ஊர்வலமாக வருகின்றன. முதல் தடவை சாலையோரம் நின்று பார்த்த அன்றே எனக்கு ஜி.டி.ஓ. மீது பிடிப்பு வந்துவிட்டது. அதன் கதையைத் தேடிப் படித்த பிறகு அந்தப் பிடிப்பு இன்னும் இறுகியது.

அந்தக் கதையைச் சொல்லியாக வேண்டும். நான் ஏமாந்த விதமும் அதற்குள்ளேயேதான் இருக்கிறது.

1963 ஜனவரியில் ஜெனரல் மோட்டார்ஸ் தலைமை, தன் பிரிவுகள் எதுவும் பந்தயங்களில் ஈடுபடக் கூடாது என்று உத்தரவு போட்டது. பாண்டியாக் பிரிவுக்கு அது பலத்த அடி. வயதானவர்கள் வாங்கும் கார் என்ற பெயரைப் பந்தயங்களின் மூலம்தான் அது மாற்றிக்கொண்டு வந்தது. இன்னொரு விதியும் இருந்தது. நடுத்தர அளவுக் கார்களில் கொள்ளளவு 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட இன்ஜின் வைக்கக் கூடாது. அப்போது பாண்டியாக்கின் தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியன். அவருடன் சேசிஸ் வேலையில் பில் காலின்ஸ், இன்ஜின் வேலையில் ரஸ் கீ. மில்ஃபோர்டு சோதனைக் களத்தில் ஒரு சனிக்கிழமை, டெம்பெஸ்ட் என்ற புதிய நடுத்தர அளவுக் காரை லிஃப்டில் ஏற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது காலின்ஸ் ஒன்றைக் கவனித்ததாகச் சொல்வார்கள். அந்தக் காரின் 326 கன அங்குல இன்ஜினும், பெரிய பாண்டியாக் கார்களில் இருக்கும் 389 கன அங்குல இன்ஜினும் வெளியளவில் ஒன்றே. இன்ஜினைத் தாங்கும் மவுண்ட்டுகளும் ஒன்றே. சின்னதை இறக்கிவிட்டுப் பெரியதை அப்படியே உட்கார வைக்கலாம்.

விதியைத் தாண்டவும் வழி கிடைத்தது. புதிய மாடல் என்றால் தலைமையின் ஒப்புதல் வேண்டும். இருக்கிற காருக்குக் கூடுதலாகத் தரும் ஆப்ஷன் என்றால் வேண்டாம். அதனால் 1964 டெம்பெஸ்ட் லெமான்ஸ் காருக்குச் சுமார் 295 டாலர் விலையில் ஓர் ஆப்ஷனாக ஜி.டி.ஓ. பிறந்தது. பிரிவின் தலைவர் பீட் எஸ்டிஸ் துணிந்து கையெழுத்திட்டார். விற்பனை மேலாளர் ஃபிராங்க் பிரிட்ஜுக்கு நம்பிக்கை வரவில்லை, 5,000 கார் போதும் என்றார். அந்த மாடல் ஆண்டு முடிந்தபோது விற்றிருந்தவை 32,450. மறு ஆண்டு 75,000-ஐத் தாண்டியது. 1966-ல் தனி மாடலாகவே ஆக்கினார்கள், 96,946 கார்கள் போயின. ஜி.டி.ஓ. வரலாற்றில் அதுதான் உச்சம். பெயரை ஃபெராரியிடமிருந்து எடுத்ததற்காக ஐரோப்பியக் கார் ரசிகர்கள் கொதித்தது தனிக் கதை.

ஒரே குடும்பத்து இன்ஜின்கள் எல்லாம் வெளியே ஒன்றுபோல இருக்கும் இந்தச் சங்கதியை விளம்பரத்துக்கும் பயன்படுத்திக்கொண்டார்கள். 1964-ல் ஒரு கார்ப் பத்திரிகை சோதித்துப் பார்த்த ஜி.டி.ஓ. பூஜ்யத்திலிருந்து 60 மைல் வேகத்தை 4.6 விநாடியில் எட்டியதாகச் செய்தி வந்தது. அந்தக் காருக்குள் இருந்தது 389 அல்ல, 421 கன அங்குல இன்ஜின் என்பதை விளம்பரப் பொறுப்பில் இருந்த ஜிம் வேங்கர்ஸ் பல ஆண்டுகள் கழித்து ஒப்புக்கொண்டார். பானெட்டைத் திறந்து பார்த்தவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

எனக்கும் தெரியவில்லை. நான் வாங்கிய சிவப்புக் காரின் பானெட்டைத் திறந்தால் குரோம் பூசிய வால்வு மூடிகள், குரோம் ஏர் கிளீனர், பளபளக்கும் நீல பிளாக் எல்லாம் ஜி.டி.ஓ.வுக்கு உரியபடியே இருந்தன. விற்றவர் “தொழிற்சாலையில் வைத்த அதே 389” என்றார். கொடுத்தது 24,000 டாலர். மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: “ஏங்க, யாராவது தெரிஞ்சவங்களக் கூட்டிட்டுப் போய்ப் பாத்தீங்களா?” கார் கம்பெனியில் வேலை செய்கிறவனுக்குத் தெரியாதா என்று பதில் சொன்னேன்.

நான்கு வீடு தள்ளி ஒரு பெரியவர் இருக்கிறார். பாண்டியாக் நகரத்து இன்ஜின் ஆலையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கார் வந்த வாரமே பார்க்க வந்தார். ஒரு சுற்று என்னோடு உட்கார்ந்து போய்வந்தார். எதுவும் சொல்லாமல் வீட்டுக்குப் போய், ஒரு துணியும் தின்னரும் கைவிளக்கும் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். அந்தக் கட்டைவிரல் அகல இடத்தைத் துடைத்துவிட்டு என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். நான்கு வாய் கார்புரேட்டரும் கையால் மாற்றும் கியரும் உள்ள 1966 ஜி.டி.ஓ. என்றால் அங்கே ‘டபிள்யூ.டி.’ என்ற எழுத்துகள் இருக்க வேண்டும். இருந்தது வேறு ஜோடி, ஒரு சாதாரண டெம்பெஸ்ட்டிலிருந்து வந்த 326. சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிய வேண்டுமென்றால் ஹெட்டைக் கழற்றி அளக்கலாம் என்றார். இரண்டு இன்ஜினுக்கும் பிஸ்டன் ஓடும் தூரம் ஒன்றுதான், 3.75 அங்குலம். சிலிண்டரின் விட்டம் 326-க்கு 3.72 அங்குலம், 389-க்கு 4.06. கழற்றி அளந்தோம். அவர் சொன்னது சரி.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பணத்தைவிட, கார் முழுவதுமே போலியோ என்ற பயம்தான் பெரிதாக இருந்தது.

இங்கே ஒரு விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 1964, 1965 ஜி.டி.ஓ.க்கள் லெமான்ஸின் ஆப்ஷன் என்பதால் அவற்றின் அடையாள எண்ணைப் பார்த்து ஜி.டி.ஓ.வா இல்லையா என்று சொல்லவே முடியாது. முன் கிரில்லையும் பின்னால் எழுத்துகளையும் வாங்கி ஒட்டினால் எந்த லெமான்ஸையும் ஜி.டி.ஓ. என்று விற்றுவிடலாம். 1966 முதல் 1971 வரை வந்தவற்றில் எண் 242 என்று தொடங்கும். 2 என்றால் பாண்டியாக், 42 என்றால் ஜி.டி.ஓ. அடுத்த இரண்டு இலக்கம் உடல் வகையைச் சொல்லும்: 17 என்றால் நடுத்தூண் இல்லாத ஹார்ட்டாப், 07 தூண் உள்ள கூப்பே, 67 மடக்குக் கூரை. அதற்கடுத்து ஆண்டுக்கான இலக்கம், பிறகு ஆலைக்கான எழுத்து. பாண்டியாக் நகரத்து ஆலைக்கு ‘பி’. 1966-ல் இந்தத் தகடு ஓட்டுநர் கதவுத் தூணில் இருக்கும். தகட்டின் ரிவெட்டுகள் புதிதாகவோ, தகட்டைச் சுற்றி பெயின்ட் உடைந்தோ இருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

என் தகடு 24217 என்று தொடங்கியது. அதோடு நிற்காமல் பி.எச்.எஸ். எனப்படும் பாண்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸுக்கு எழுதினேன். அந்தக் காலத்து பாண்டியாக் கார்கள் ஆலையை விட்டு வெளியே போனபோது எழுதிய பில்களின் நகல்கள் அவர்களிடம் இருக்கின்றன. எண்ணைக் கொடுத்துக் கட்டணம் கட்டினால் அந்தக் காரின் பில்லையே அனுப்பிவைப்பார்கள். ஜி.டி.ஓ. வாங்கும் எவரும் முன்பணம் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான். நான் வாங்கிய பிறகு செய்தேன்.

பில் வந்தது. கார் உண்மையான ஜி.டி.ஓ.தான். நான்கு கியர் கொண்ட ‘மன்சி’ வகைக் கியர் பெட்டி, நான்கு வாய் கார்புரேட்டர், ஹார்ட்டாப் எல்லாம் சரி. நிறம் மட்டும் சிவப்பு இல்லை, பால்மெட்டோ கிரீன். மெல்லிய, உலோகச் சாயல் கொண்ட பச்சை. ஹீட்டர் பெட்டியைக் கழற்றிப் பார்த்தேன். அதற்குப் பின்னால் ஐம்பது வருடமாக வெளிச்சம் படாத ஓர் உள்ளங்கை அகலம் அந்தப் பச்சை அப்படியே இருந்தது. அந்த நிமிடம்தான் இந்தக் காரை விற்றுவிடும் யோசனையை விட்டேன்.

சிவப்புக்குக் கீழே இருந்ததைப் பார்க்கத் தொடங்கியபோது இன்னொரு வேலை வந்து சேர்ந்தது. மிச்சிகனில் குளிர்காலத்தில் பனி உருகச் சாலையில் உப்புப் போடுவார்கள். அந்த உப்பு இரும்பைத் தின்றுவிடும். இந்தக் காரில் துரு முதலில் வருவது பின் கண்ணாடியின் கீழ் விளிம்பில். அங்கே தேங்கும் தண்ணீர் கசிந்து டிக்கிக்குள் இறங்கி டிக்கித் தரையை அரிக்கும். பிறகு பின்சக்கரத்துக்குப் பின்னால் உள்ள கீழ்ப்பகுதி, முன் மட்கார்டுகளின் அடிப்பகுதி, உடலைச் சேசிஸோடு பிணைக்கும் இடங்கள். சேசிஸில் பின் சஸ்பென்ஷன் கை வந்து சேரும் வளைவை ஒரு ஸ்குரூ டிரைவரால் குத்திப் பார்க்க வேண்டும். உடம்பைச் சோதிக்க, மெல்லிய துணியில் சுற்றிய சின்னக் காந்தம் போதும். இரும்பில் ஒட்டும், பட்டி பார்த்த இடத்தில் நழுவும். என் காரின் பின்பகுதியில் முழங்கை நீளத்துக்குக் காந்தம் எங்கேயும் ஒட்டவில்லை. இடது பக்கம் பட்டியின் கனம் கால் அங்குலம். வெட்டி எடுத்துப் புதிய தகடு வைத்துப் பற்றவைக்க ஒரு குளிர்காலம் முழுவதும் போயிற்று. டிக்கி விரிப்பைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் மேல் பெயின்ட்டைப் பார்க்க வேண்டும் என்று இப்போது கேட்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

சரியான 389 பிளாக் தேடக் கிட்டத்தட்ட ஒரு வருடம் ஆனது. ‘டபிள்யூ.டி.’ இருந்தால் மட்டும் போதாது. டிஸ்ட்ரிப்யூட்டர் பக்கத்தில் வார்ப்புத் தேதி இருக்கும்: மாதத்துக்கு ஓர் எழுத்து, பிறகு நாள், பிறகு ஆண்டின் கடைசி இலக்கம். கார் கட்டப்பட்ட தேதிக்குச் சில வாரங்களுக்கு முந்தையதாக அது இருக்க வேண்டும். காருக்குப் பிறகு வார்த்த பிளாக் அந்தக் காருக்கு உரியதாக இருக்க வாய்ப்பே இல்லை. ஒஹாயோவில் ஒரு பண்ணைக் கொட்டகையில் கிடைத்தது. என் காரில் பிறந்த இன்ஜின் இல்லை, ஆனால் அதே பருவத்தில் பிறந்தது. யார் கேட்டாலும் அப்படியே சொல்கிறேன். விற்கும் நாள் வந்தால் எழுதியும் கொடுப்பேன்.

இன்ஜினைத் திறந்ததும் பெரியவர் முதலில் பார்த்தது டைமிங் கியரை. சத்தம் குறைய வேண்டும் என்று அந்தக் காலத்தில் வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் கேம் ஷாஃப்ட்டின் கியர் பற்களுக்கு நைலான் பூச்சு கொடுத்தார்கள். ஐம்பது வருடத்தில் அது பொரிந்து உதிர்கிறது. உதிர்ந்த துண்டுகள் ஆயில் பம்ப்பின் வடிகட்டியை அடைக்கும், பிறகு பேரிங் போகும். திறந்து பார்க்காத பாண்டியாக் இன்ஜினை நெடுந்தூரம் ஓட்டாதீர்கள். முழு உலோகக் கியருக்கு மாற்றுவது செலவு குறைந்த வேலைதான். தண்ணீர்ப் பம்ப்புக்குப் பின்னால் ஒரு பிரிப்புத் தகடு உண்டு. பம்ப்பின் சக்கரத்துக்கும் அந்தத் தகட்டுக்கும் இடைவெளி அதிகமானால் தண்ணீர் சரியாகச் சுற்றாது. ரேடியேட்டரை மாற்றி மாற்றிப் பார்த்து அலுத்துப்போன பலருக்கு உண்மையான காரணம் இந்தத் தகடுதான். தகட்டை மெதுவாகத் தட்டி, உரசாத அளவுக்குச் சக்கரத்தை நெருங்க வைத்தோம். ஆகஸ்ட் வெயிலில் உட்வர்டில் ஊர்ந்துபோகும்போதும் சூடு ஏறவில்லை.

பழைய பிஸ்டன்களோடு அழுத்த விகிதம், அதாவது சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு நெருக்கப்படுகிறது என்ற கணக்கு, 10.75. ஈயம் கலந்த உயர் ஆக்டேன் பெட்ரோல் கிடைத்த காலத்துக்கு அது சரி. இன்றைய 93 ஆக்டேனில் மேடேறும்போது இன்ஜின் தட்டும். குழிவான பிஸ்டன்கள் போட்டு 9.3 அளவுக்கு இறக்கினோம். கொஞ்சம் சக்தி போனது, நிம்மதி வந்தது. பெட்ரோலில் இப்போது எத்தனால் கலப்பதால் பழைய ரப்பர்க் குழாய்கள் உள்ளிருந்தே கரையும். அத்தனையையும் மாற்றுங்கள், ஒன்றையும் விடாதீர்கள்.

இதற்கு நடுவில் ஒரு பெரிய தவறு செய்தேன். புதிய கேம் ஷாஃப்ட் போட்டு முதன்முறை இன்ஜினை எழுப்பிய அன்று, கார்புரேட்டரைச் சரிசெய்வதற்காகப் பத்து நிமிடம் ஐடிலிலேயே ஓடவிட்டேன். பெரியவர் அன்று ஊரில் இல்லை. இந்த வகை இன்ஜினில் டேப்பட்டின் தட்டையான முகம் கேம் மீது நேரடியாக உரசுகிறது. புதிய கேம் படிய வேண்டுமென்றால் முதல் இருபது, இருபத்தைந்து நிமிடம் 2,000 சுற்றுக்குக் குறையாமல், ஏற்றி இறக்கி ஓட்ட வேண்டும். அந்த வேகத்தில்தான் எண்ணெய் கேம் மீது போதுமான அளவு தெறிக்கும். நான் ஐடிலில் விட்டதால் கேமின் இரண்டு லோப்கள், அதாவது டேப்பட்டைத் தள்ளும் மேடுகள், தேய்ந்துபோயின. உலோகத் தூள் எண்ணெயில் கலந்து எல்லா இடமும் போயிற்று. மறுபடியும் முழுவதும் பிரித்தோம். இரண்டாம் தடவை கார்புரேட்டர் கிண்ணத்தில் முன்பே பெட்ரோல் நிரப்பி, டைமிங்கை நிறுத்தத்திலேயே சரிபார்த்து, சாவி திருப்பியதும் பிடிக்கும்படி வைத்தோம். துத்தநாகச் சேர்மம் அதிகம் உள்ள எண்ணெய் ஊற்றினோம். இன்றும் அதே வகை எண்ணெய்தான், நவீன கார்களுக்கான எண்ணெயில் அது குறைவு.

பிரேக் விஷயத்தை நான் சாவதானமாகச் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் அது உயிர் விஷயம். 1966 ஜி.டி.ஓ.வுக்கு நான்கு சக்கரத்திலும் 9.5 அங்குல டிரம் பிரேக். 335 குதிரைத்திறன் காருக்கு அது போதாது என்று அன்றே விமர்சித்தார்கள். அதைவிட ஆபத்து, மாஸ்டர் சிலிண்டர் ஒற்றைப் பாதை கொண்டது. எங்காவது ஒரு குழாய் உடைந்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். 326 இருந்த காலத்தில், வாங்கி மூன்றாவது மாதம், ஒரு சந்திப்பை நெருங்கும்போது பெடல் தரையைத் தொட்டுவிட்டது. மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், அப்போது அவளுக்கு ஒன்பது வயது. கியரை மூன்று, இரண்டு என்று இறக்கி, இடது காலால் பார்க்கிங் பிரேக்கை அழுத்தி, சாலையோரப் புல்லில் ஏற்றி நிறுத்தினேன். பின் அச்சுக்குப் போகும் இரும்புக் குழாய் துருப்பிடித்து வெடித்திருந்தது. 1967 மாடல் முதல் பாண்டியாக்கே இரட்டைப் பாதை மாஸ்டர் சிலிண்டர் வைத்தது, முன் டிஸ்க் பிரேக்கும் ஆப்ஷனாக வந்தது. அந்த வாரமே இரட்டைப் பாதைக்கு மாற்றினேன். எல்லாக் குழாய்களையும் புதிதாகப் போட்டேன். பிறகு முன் டிஸ்க்கும் வைத்தேன். பழைமை கெட்டுவிட்டது என்று கண்காட்சியில் ஒருவர் குறைப்பட்டார். மற்ற எதில் வேண்டுமானாலும் பழைமை பேசலாம், பிரேக்கில் கூடாது. வாங்கிய காரை முதல் நாள் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வராதீர்கள், லாரியில் ஏற்றி வாருங்கள்.

2016 ஆகஸ்டில், காருக்கு ஐம்பதாவது வயதில், பச்சை நிறத்தில் உட்வர்டில் இறக்கினேன். பெரியவர் முன் இருக்கையில், மகள் பின்னால். கிளம்பும் முன் பானெட்டைத் திறக்கச் சொன்னார். அவருக்கு அப்போது பார்வை மங்கியிருந்தது. கையை உள்ளே விட்டு, ஹெட்டுக்குக் கீழே விரலால் தடவி, இரண்டு எழுத்துகளையும் வாய்விட்டுப் படித்தார். பிறகு போகலாம் என்றார்.

போகும் வழியெல்லாம் அவர் ஆலைக் கதை சொன்னார். 1966-ல் ஷிப்டுக்கு ஷிப்டு ஆள் போதாமல் ஓடியது, எழுபதுகளின் தொடக்கத்தில் ஒவ்வொன்றாக அடங்கியது. இன்சூரன்ஸ் கம்பெனிகள் இந்த வகைக் கார்களுக்குக் கட்டணத்தை ஏற்றின. ஈயமில்லாப் பெட்ரோல் வரப்போகிறது என்று 1971-ல் அழுத்த விகிதத்தைக் குறைத்தார்கள், அந்த ஆண்டு விற்றது 10,532 மட்டுமே. 1972-ல் ஜி.டி.ஓ. மறுபடி லெமான்ஸின் ஆப்ஷனாகச் சுருங்கியது. 1973 அக்டோபரில் அரபு நாடுகளின் கச்சா எண்ணெய்த் தடை வந்தது. 1974-ல் வென்ச்சுரா என்ற சின்னக் காரின் மீது அந்தப் பெயரை ஒட்டி, அத்தோடு நிறுத்தினார்கள். முப்பது ஆண்டு கழித்து ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரு காருக்கு அந்தப் பெயரைச் சூட்டினார்கள், அதுவும் மூன்று ஆண்டுதான் ஓடியது. பாண்டியாக் என்ற பிராண்டே 2010-ல் முடிந்தது. அதைச் சொல்லும்போது மட்டும் அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இப்போது நவம்பர். பெட்ரோல் தொட்டியை விளிம்பு வரை நிரப்பி ஸ்டெபிலைசர் ஊற்றி, அது கார்புரேட்டர் வரை போய்ச் சேரும்படி கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்தேன். ஆயில் மாற்றியாயிற்று, பேட்டரியைக் கழற்றி உள்ளே எடுத்து வைத்தாயிற்று. டயர்களில் காற்றைக் கொஞ்சம் கூடுதலாக அடித்திருக்கிறேன். பின் கிராங்க் சீல் அந்தக் காலத்துக் கயிறு வகை, இன்னும் சொட்டுகிறது. அடியில் ஓர் அட்டையை விரித்திருக்கிறேன். நாளை முதல் உப்பு லாரிகள் ஓடும் என்று வானிலையில் சொன்னார்கள். ஏப்ரலில் இரண்டு நல்ல மழை பெய்து சாலை கழுவிப் போகும்வரை கதவு திறக்காது.